நீலம் வேண்டாம்

அக்டோபர்.
லுசாக்காவில் தார் இளகி
செருப்பைப் பிடித்துப் பிடித்து விடுகிறது.
காஃபுவே காட்டில் நான்கு இரவு, கூடாரத்தில்.
ஆளுக்கு ஒரு பைதான் என்று
ஜீப் ஓட்டப்போகும் ல்வேண்டோ
கறாராகச் சொல்லிவிட்டாள்.

அவள் எழுதித் தந்த சீட்டில் முதல் வரி:
நீலம் வேண்டாம். கறுப்பும்.
செட்சி ஈக்கு அந்த இரண்டும்
வெற்றிலை பாக்கு வைத்து அழைத்த மாதிரி.

அலமாரியைத் திறந்தேன்.
வங்கிச் சீருடை நீலம்.
ஞாயிற்றுக்கிழமைக் கவுன் நீலம்.
இழவு வீட்டுக்குப் போகிற பாவாடை கறுப்பு.
தூங்குவதற்குக்கூட நீலம்தான்.
இத்தனை வருடம்
ஒரே நிறத்துக்குள் குடியிருந்திருக்கிறேன்,
ஓர் ஈ வந்து சொல்ல வேண்டியிருக்கிறது.

கடைசிக் கொக்கியில் முபிட்டாவின் சட்டை.
ஆள் பாதி ஆடை பாதி என்பார்கள்.
ஆள் கிட்வேக்குப் போய் இரண்டு வருடம்.
இந்தப் பாதி இங்கே தொங்குகிறது,
அடர் நீலத்தில்,
மேல் பொத்தான் போட்டபடி.

சனிக்கிழமை சலாவுலாச் சந்தை.
கடல் தாண்டி வந்த பழந்துணி மூட்டையை
கத்தியால் கீறினதும் எல்லாக் கைகளும் உள்ளே.
கிளறு, பொறுக்கு என்பதுதான் அந்தப் பெயருக்கே அர்த்தம்.
நைலானை மூக்கில் வைத்தால் தெரிந்துவிடும்,
அடுத்தவள் வேர்வையை அது மறப்பதில்லை.
பருத்தி மறந்துவிடும்.
எனக்கு மணல் நிறத்தில் ஒரு முழுக்கைச் சட்டை கிடைத்தது.
வெயிலுக்கு முழுக்கையா என்று நமுகோலோ சிரித்தாள்.
வெயிலுக்குத்தான் முழுக்கை.
காலரின் உட்புறம் மையால் 'ஹெல்கா' என்று எழுதியிருந்தது.
துவைத்தேன். போகவில்லை.

நமுகோலோ பச்சைத் திட்டுக் கால்சட்டை ஒன்றை உருவினாள்.
கடைக்காரப் பையன் பிடுங்கி
மூட்டைக்கு அடியில் திணித்தான்:
"பட்டாளத்துத் துணி அக்கா.
செக்போஸ்டில் கழற்றச் சொல்வார்கள்.
அங்கேயே."
அதனால் அவள் ஜீன்ஸோடு வந்தாள்.

முதல் நாள் மதியமே
ஜீன்ஸ் அவளை வேகவைத்துவிட்டது.
சாயங்காலம் என் சித்தெங்கேயை வாங்கி
இடுப்பில் சுற்றிக்கொண்டாள்.
அந்த ஒரு துணி
அன்றைக்குத் துண்டாக இருந்தது,
தலையணையாக இருந்தது,
சூடான பானையைத் தூக்கியது,
நான் குளிக்கையில் கதவாகவும் நின்றது.
ஆற்றில் நீர்யானைகள்
எதற்கோ சிரித்துக்கொண்டிருந்தன.

ஈக்கள் வந்தன.
ஜீன்ஸைத் துளைத்துக் கடிக்கிற ஈக்கள்.
அடித்தால் சாகாமல்
எழுந்து உதறிக்கொண்டு போகிற ஈக்கள்.
"யாரிடமாவது நீலத் துணி இருக்கிறதா?"
ல்வேண்டோ கேட்டாள்.
கொண்டுவராதே என்றவளே கேட்கிறாள்.

நான் பையின் அடியில் கைவிட்டேன்.
இரவில் குளிரினால் போர்த்திக்கொள்ள என்று
எனக்கு நானே சொல்லி வைத்திருந்தேன்.
அக்டோபரில் என்ன குளிர்.
இருவரும் ஒன்றும் கேட்கவில்லை.
அதுதான் கூச்சமாக இருந்தது.

நாற்பது அடி தள்ளி ஒரு மோப்பானே மரம்.
மருந்தில் நனைத்து
இரண்டு கைகளையும் விரித்துக் கட்டினாள்.
முதலில் ஒன்று. பிறகு ஏழெட்டு.
பிறகு முதுகு முழுக்க.
எங்கள் பக்கம் காற்று லேசானது.
அழுகை வரும் என்று காத்திருந்தேன்.
பதிலாக ஈக்களை எண்ணிக்கொண்டிருந்தேன்.
முப்பத்தொன்றில் விட்டுவிட்டேன்,
சோறு ஆயிற்று என்று கூப்பிட்டார்கள்.

ஹெல்கா, உன் கைகள் என்னுடையதைவிட நீளம்.
மடிக்காமல் விட்டால் விரல் நுனிவரை மூடுகிறது.
கொசுக்கு என்னில் கிடைத்தது
முகம் மட்டும்.

திரும்பும் வழியில் ஈத் தடுப்புச் சாவடி.
வலைக்கம்போடு ஒருவர்
ஜீப்பைச் சுற்றிவந்து
இருக்கைக்கு அடியில் துழாவினார்.
பையைத் திறக்கச் சொன்னார்.
நீலத்தைப் பார்த்ததும் புருவம் உயர்ந்தது.
"இதை உதறுங்கள்."

சாலையில் இறங்கி நின்று
தோள்பட்டை இரண்டையும் பிடித்து
பலமாக உதறினேன்.
இன்னொரு முறை என்றார்.
உதறினேன்.

எதுவும் பறக்கவில்லை.